காப்புச் செய்யுளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி

அறிவும் அடக்கமும் ஒருங்கே அமையப்பெற்றவரும், என் மகளின் முன்கோபத்தைப் புன்னகையோடு தாங்கி வருபவருமாகிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் பல்லாண்டு கூறி எழுதுவது.

திருவருளால் இங்கு நாங்கள் நலமாக இருக்கிறோம். கண்கள் மட்டும் நலமில்லை. என் கண், உங்கள் அத்தையின் கண், எங்கள் பாராயண மன்றத்துப் பெரியவர்கள் அனைவரின் கண், எதுவும் நலமில்லை. அங்கு நீங்களும் என் மகளும் குழந்தையும் ஐம்புலன்களும் செவ்வனே இயங்க வாழ்ந்து வருவீர்கள் என்று நம்புகிறேன்.

இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் இடையில் என் மகள் புகுந்து, "அப்பா, சுருக்கமா சொல்லுங்க, அடுப்புல பால் இருக்கு" என்பாள். சுருக்கிச் சொல்லத்தக்க துன்பம் அன்று இது. ஆகவே நீங்கள் கற்றுத்தந்த நோட்பேடிலேயே, எழுத்துகளை எலுமிச்சம்பழ அளவுக்குப் பெருக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேடித் தட்டுகிறேன். முடித்ததும், உரைக்கோப்புகளுக்கென்று நீங்கள் திறந்து தந்த அதே கோப்புறையில் பத்திரமாகச் சேமித்துவிட்டு உங்களுக்கு அனுப்புவேன். எனக்குத் தெரிந்த கோப்புறை அது ஒன்றுதான்.

பின்னணியை நீங்கள் அறிவீர்கள் என்றாலும், நடுவில் தொடங்கும் பழக்கம் எனக்கில்லை. மன்றத்துப் பெரியவர்களின் கண்களைச் சோதித்து, அவரவருடைய பழைய சட்டத்திலேயே புது வில்லை பொருத்தித் தருவதாகக் கடைத்தெருக் கண்ணாடிக்கடைக்காரர் தாமே முன்வந்தார். பெயர்ப்பட்டியல் எழுதும் பொறுப்பைச் செயலாளர் என்ற முறையில் நான் ஏற்றேன். முதற்பெயர் மன்றத் தலைவர். அடுத்தது உங்கள் அத்தை. அதற்கடுத்து தையற்கார அம்மாள். பிறகு பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். இப்படியே சென்று, அடக்கம் கருதி என் பெயரை இறுதியில் வைத்தேன். கடைக்காரர் அந்த வரிசைப்படியே ஒவ்வொருவராக அழைத்துச் சோதித்தார். அவருடைய கருவி யாருடைய பெயரையும் அறியாது. வலக்கண்ணின் அளவையும் இடக்கண்ணின் அளவையும் ஒருவருக்கு ஒரு வரியாக ஓர் உரைக்கோப்பில் எழுதி வைக்கும், அவ்வளவுதான். ஆக, பெயர்கள் ஒரு கோப்பில், பார்வை அளவுகள் மற்றொரு கோப்பில். இரண்டையும் ஒரே விரிதாளில் அருகருகே நிறுத்தினால்தான் யாருக்கு எந்த வில்லை என்பது விளங்கும். கையாலேயே எழுதிவிடுகிறேன் என்றேன். நீங்கள்தான், "எதுக்கு மாமா கஷ்டப்படறீங்க. ஒரு மேக்ரோ எழுதித் தரேன். பொத்தானைத் தட்டினா ஃபோல்டர்ல இருக்கிற டெக்ஸ்ட் ஃபைல் எல்லாம் தானா வந்து பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கும்" என்றீர்கள். தானாக வந்து உட்காருபவர்களைப் பற்றி எனக்கு வாழ்வில் நல்ல அனுபவம் இல்லை. எனினும் மாப்பிள்ளை சொல்லைத் தட்டலாகாதென்று சரி என்றேன்.

இதில் உங்கள் அத்தைக்கு என்ன போயிற்று என்று கேட்பீர்கள். எல்லாமே போயிற்று. ஆண்டுதோறும் நடக்கும் முற்றோதல் வரும் ஞாயிறு தொடங்குகிறது. முதல் அதிகாரத்தை வாசிக்கும் தலைப்பீடம் இவ்வாண்டு முதன்முறையாக அவளுக்குக் கிடைத்திருக்கிறது. இத்தனை காலம் நான் வாசிக்கும்போது பின்னால் அமர்ந்து, நான் விழுங்கிய அடிகளையெல்லாம் வீட்டுக்கு வந்து எடுத்துச் சொன்னவள். பீடத்தில் அமர்பவர் நூலைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். மனப்பாடமாக ஒப்பிக்கலாகாது என்பது மன்றத்தின் விதி. நான் விழுங்கிய அடிகளால் ஏற்பட்ட விதி என்று சிலர் சொல்வதுண்டு. ஞாயிறன்று அவளால் வாசிக்க இயலாவிட்டால் பீடம் அடுத்தவருக்குப் போய்விடும். மீண்டும் அவள் முறை வர எத்தனை ஆண்டாகுமோ, இறைவனுக்குத்தான் வெளிச்சம். அவளோ புதுக்கண்ணாடியை அணிந்து நூலைத் திறந்துவிட்டு, "என்னங்க, பக்கத்துல எறும்பு ஊருது" என்றாள். எறும்பில்லை, எழுத்து என்றேன். "எழுத்தா இருந்தா ஏன் ஊருது" என்றாள்.

நிற்க. என் பக்கத்தில் யாதொரு பிழையும் இல்லை என்பதை முதலிலேயே நிறுவிவிடுகிறேன். "வரிக்கு ஒரு பேர், வேற எதுவும் வேண்டாம் மாமா" என்று நீங்கள் கூறியதை அட்சரம் பிசகாமல் பின்பற்றினேன். கோப்பைத் திறந்ததும், எந்த நற்பணியையும் போலவே, தலைப்பில் காப்புச் செய்யுள் எழுதினேன். இடம் கருதி ஓரடியோடு நிறுத்திக்கொண்டேன்: 'உள்விழியைத் தந்தவனே ஊன்விழியும் காத்தருள்வாய்.' மோனை பிசகவில்லை, பாருங்கள். அதன்கீழ் வரிக்கு ஒரு பெயர். வேறு எதுவும் எழுதவில்லை. கடையிலிருந்து வந்த கோப்பில் காப்பும் இல்லை, வாழ்த்தும் இல்லை. எடுத்த எடுப்பில் எண்களோடு தொடங்கியது. மனம் சற்று வருந்தினாலும், பிறர் கோப்பில் கைவைக்கலாகாதென்று விட்டுவிட்டேன்.

பிறகு உங்கள் விரிதாளைத் திறந்தேன். திறந்த கணமே மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டை தோன்றி, இதில் மேக்ரோ இருக்கிறது, தீங்கு விளையலாம், அனுமதிக்கலாமா என்று வினவியது. மாப்பிள்ளை அனுப்பியதில் தீங்கு விளையலாம் என்று ஒரு கருவி என் வீட்டிலேயே இருந்துகொண்டு சொல்கிறதே என்று திகைத்துப்போய் உங்கள் அத்தையை அழைத்தேன். "பொண்ணையே குடுத்தாச்சு, இதுக்கு என்ன யோசனை, தட்டுங்க" என்றாள். தட்டினேன். பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில், தலைமேல் கோடிட்ட ஓர் அந்நிய எழுத்தும், வட்டத்துக்குள் சிறைப்பட்ட இன்னோர் எழுத்தும் மாறி மாறி அடுக்கடுக்காக நின்றன. ஏதோ பீஜ மந்திரம் என்றெண்ணி ஒரு கணம் கைகூப்பியதும் உண்மை. உங்களை அழைத்தேன். "தமிழ்னு அதுக்குத் தெரியலை மாமா, நான் சொல்லி வெச்சுடறேன்" என்று சொல்லி, மறுநாளே திருத்திய படியை அனுப்பினீர்கள். இரண்டாம் முறை கண்மூடி வேண்டிக்கொண்டு பொத்தானைத் தட்டினேன். கண் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முதல் நெடுவரிசையில் காப்பும் பெயர்களும், அதன் அருகில் அளவுகளும் பளிங்குத்தூண்கள்போல் நின்றன. மெய்சிலிர்த்துப்போய் அப்படியே கடைக்காரருக்கு அனுப்பிவைத்தேன். அவர் தொலைபேசியில், "முதல் ஆள் யாருங்க ஐயா, பேரு இவ்வளவு நீளமா இருக்கு" என்றார். அது காப்பு என்றேன். "அவர் ஃபிரேம் இன்னும் வரலீங்களே" என்றார். காப்புக்குச் சட்டமேது என்றேன். "சரி, கடையிலேர்ந்து ஒண்ணு போட்டுக்கறேன்" என்று வைத்துவிட்டார். நல்ல மனிதர், பக்திமான் என்று எண்ணிக்கொண்டேன்.

புதன்கிழமை கண்ணாடிகள் வந்தன. ஒவ்வொரு கூட்டின்மேலும் பெயர் ஒட்டியிருந்தது. முதற்கூட்டின்மேல் என் காப்புச் செய்யுள் முழுமையாக அச்சாகியிருந்தது. செய்யுளுக்கே ஒரு கண்ணாடி கிடைத்த பேறு யாருக்கு வாய்க்கும் மாப்பிள்ளை? அதை மன்றத்துத் தலைமை மேசையில், விளக்கின் அருகில் வைத்து ஒரு மலரும் சூட்டினேன். அதற்குப்பின் நடந்ததைக் கேளுங்கள். தையற்கார அம்மாள் புதுக்கண்ணாடி அணிந்து ஒரு சட்டை தைத்தார். பையின் வாயையும் சேர்த்தே தைத்துவிட்டார். "உங்க மன்றத்துக் கண்ணாடியால எனக்கு இருந்த நல்ல பேரும் போச்சு, ஐயா" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். பேருந்து ஓட்டியவர் தம் வீடென்று நினைத்து மேல்மாடி வீட்டுக்குள் புகுந்து, திரைச்சீலையை யாரைக் கேட்டு மாற்றினாய் என்று அங்கிருந்த அம்மையாரை அதட்டியிருக்கிறார். அந்த அம்மையார் காப்பி கொடுத்து அனுப்பியிருக்கிறார். அது வேறு கதை. என்னைப் பற்றிக் கேட்பீர்களாயின், என் பெயருக்கு நேராக அளவு ஏதும் இல்லை, கட்டம் வெறுமையாக இருந்தது, ஆகவே வெறுங்கண்ணாடி பொருத்தினேன் என்றார் கடைக்காரர். நெடுங்காலப் பாராயணத்தின் பயனாக என் பார்வை தெளிந்துவிட்டதென்று கொண்டு இரண்டு நாள் ஆனந்தமாக இருந்தேன். "தெளிஞ்ச கண்ணோடதான் சமையலறைக் கதவுல முட்டிக்கிட்டீங்களா" என்றாள் உங்கள் அத்தை. கதவு வழக்கத்தைவிட அதிகமாகச் சாத்தியிருந்தது என்றேன்.

இவை எல்லாவற்றையும் பொறுப்பேன். தலைவரைப் பொறுக்க முடியவில்லை. நாங்கள் அவருக்குத் தெரியாமல் அவரை மேசைமணி என்று குறிப்பிடுவது உங்களுக்குத் தெரியும். வாசிப்பவர் தமக்குரிய நேரத்தைத் தாண்டியதும் மேசைமணியைத் தட்டுவது ஒன்றே அவர் ஆற்றும் தொண்டு. அவருடைய தலைமை முழுவதும் அந்த மணியில்தான் இருக்கிறது. மணியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நாற்காலி மட்டும். இப்போது அவருக்குச் சுவர்க்கடிகாரம் தெரியவில்லை. தோன்றியபோதெல்லாம் தட்டுகிறார். வியாழனன்று நான் முதலடியின் மூன்றாம் சீரில் இருக்கும்போதே தட்டிவிட்டார். கொட்டாவியையும் ராகத்தோடு விடுகிற அந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு மட்டும் விளக்கு அணையும் வரை தட்டவேயில்லை. இதைவிடக் கொடுமை, "கணினியில பட்டியல் போட்டது யாரு? செயலாளர்தானே? ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சரி பண்ணலேன்னா தலைப்பீடம் அடுத்தவங்களுக்கு" என்று அவை நடுவே அறிவித்தார். உங்கள் அத்தை வீட்டுக்கு வந்து நூலை எடுத்து மூக்குக்கு நேரே பிடித்தாள்; கை நீட்டிப் பிடித்தாள்; சன்னலுக்குப் போனாள். பிறகு மூடி வைத்துவிட்டு, "போகட்டும், விடுங்க. கேட்டுக்கிட்டே இருந்து பழகிடுச்சு" என்றாள். அந்தச் சொல்தான் மாப்பிள்ளை, அந்தச் சொல்தான் என்னை இந்த நோட்பேடின் முன் உட்கார்த்தி வைத்தது.

ஆகவே என் பணிவான தீர்ப்பு இது. உங்கள் மேக்ரோவுக்குப் பண்பு போதவில்லை. ஒருவர் கண்ணை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கும் துணிவு நம்மைப் படைத்தவனுக்கே கிடையாது; உங்கள் பொத்தானுக்கு இருக்கிறது. நல்ல குடும்பத்தில் பிறந்த மேக்ரோ, பெரியவர்கள் எழுதியதை எழுதியபடி கொண்டுவந்து வைக்கும். எங்கே தவறியது என்று அதைத் தனியே அழைத்து விசாரியுங்கள். முடிந்தால் ஞாயிறுக்குள் நீங்களே நேரில் வந்து உங்கள் அத்தையின் கண்ணை மீட்டுத் தாருங்கள். அந்தப் பொத்தானை இனி இப்பிறவியில் தொடுவதில்லை என்று விளக்கின்முன் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இக்கடிதம் நமக்குள் இருக்கட்டும். தலைவர் கண்ணில் மட்டும் படவே கூடாது. பட்டாலும் பாதகமில்லை, இப்போதைக்கு அவரால் எதையும் வாசிக்க இயலாது.

என் மகளுக்கு ஆசிகள். குழந்தையின் உச்சியை எனக்காக ஒருமுறை முகர்ந்துகொள்ளுங்கள். உங்களுக்குக் குறைவற்ற ஆயுளும், பொத்தான்களால் கேடு வராத வாழ்வும் அருளுமாறு எல்லாம்வல்ல இறைவனை இறைஞ்சுகிறேன்.

இங்ஙனம்,
உங்கள் மீது வருத்தம் இருந்தும் காட்டிக்கொள்ளாத
மாமனார்.

பின்குறிப்பு: மேலே கண்டவை வெள்ளிக்கிழமை எழுதியவை. அனுப்பலாமென்று பார்த்தால் இணையம் இல்லை. இன்று ஞாயிறு மாலை. மேலே கண்ட யாவற்றையும் ரத்து செய்கிறேன்.

இன்று காலை கடைக்காரர் தொலைபேசியில், "அந்தப் பட்டியலை இன்னொரு தடவை எடுத்து மன்றத்துக்குக் கொண்டாங்க ஐயா, என்ன தப்புன்னு எல்லாரையும் வெச்சுக்கிட்டே பாத்துடலாம்" என்றார். எனக்கோ பொத்தானைத் தொடுவதில்லை என்ற வாக்கு. "வாக்கு உங்களுக்குத்தானே, எனக்கில்லையே" என்று உங்கள் அத்தை ஒரே விரலால் தட்டிவிட்டாள். அச்சானதை எடுத்துக்கொண்டு விரைந்தோம். அதில் என்ன இருக்கிறதென்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. இருவர் அணிந்திருந்ததும் அந்தக் கண்ணாடிதானே. கோப்புறையில் உள்ள உரைக்கோப்புகளையெல்லாம் உங்கள் மேக்ரோ அழைத்து வந்து உட்கார வைக்கும் என்று நீங்கள் சொன்னது அப்போது என் நினைவில் இல்லை. இக்கடிதமும் அங்கேதான் இருந்தது. பெயர்கள் ஒரு நெடுவரிசை, அளவுகள் ஒரு நெடுவரிசை, மூன்றாவதாக ஆளுக்கு ஒரு பத்தி வீதம் இந்தக் கடிதம்.

தலைவர் தம் கண்ணாடியை வெறுப்போடு கழற்றி மேசையில் போட்டார். கை போன போக்கில், விளக்கருகே இருந்த கூட்டிலிருந்து செய்யுளின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தாளைப் பிரித்தார். "குறிப்புன்னு ஏதோ போட்டிருக்கீங்க போல, செயலாளரே, வாசிச்சுடறேன்" என்று அவையறிய உரக்கத் தொடங்கினார். உங்கள் அறிவையும் அடக்கத்தையும் வாசித்தார். என் மகளின் முன்கோபத்தை வாசித்தார். அடுப்பிலிருந்த பாலை வாசித்தார். நான் எழுந்து, ஐயா அது தவறுதலாக வந்தது என்று குழறினேன். கேட்கவில்லை. கொட்டாவியும் ராகமும் வந்த இடத்தில் தலைமையாசிரியர் திரும்பி என்னைப் பார்த்தார். வாசிக்கும் வேகத்தில் பொருளைக் கவனியாதிருந்த தலைவர் அங்கே நின்று, மேலே வாசித்து முடித்த வரிகளுக்குத் திரும்பிப்போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இந்த மேசைமணிங்கறது யாரு?" என்றார். விரலை அடுத்த வரிகளுக்கு நகர்த்தினார். "மணியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நாற்காலி மட்டும்... ஓகோ. அப்ப நான்தான்."

உங்கள் அத்தை எழுந்தாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். "ஐயா, உங்களுக்கு எழுத்து தெரியுதா?" என்றாள்.

"நல்லாவே தெரியுதும்மா. தெரியாமலே இருந்திருக்கலாம்."

"சுவர்க்கடிகாரம்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அட, தெரியுதே" என்றார். கோபத்தை மறந்து கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மீண்டும் மாட்டினார், கூட்டின்மேல் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தார். 'உள்விழியைத் தந்தவனே' என்றிருந்தது. "என் கண்ணு எதுக்கு இந்தப் பாட்டுக்குப் போச்சு?" என்றார்.

அதற்குள் அவர் மேசையில் எறிந்த கண்ணாடியை உங்கள் அத்தை எடுத்து மாட்டிக்கொண்டு நூலைத் திறந்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எறும்பு நின்னுடுச்சுங்க" என்றாள். உடனே அவைக்குத் திரும்பி, "காப்பு ஒரு வரி மேல உக்காந்ததால எல்லாரும் ஒரு படி கீழ நகந்துட்டோம். அவ்வளவுதான். எல்லாரும் கண்ணாடியைக் கழட்டி, பட்டியல்ல அடுத்த பேரு யாரோ அவங்ககிட்டக் குடுங்க" என்றாள். விருந்தில் தட்டு நகர்வதுபோல் கண்ணாடிகள் கைமாறின. ஒவ்வொரு வரிசையிலும் "அட", "அட" என்ற ஒலி எழுந்து பின்னால் போயிற்று. தையற்கார அம்மாள் எதிரிலிருந்தவரின் சட்டையைப் பார்த்து, "யாருங்க தச்சது, காஜா கோணலா இருக்கே" என்றார். அப்போதுதான் அவர் பார்வை திரும்பியது உறுதியாயிற்று. கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்தது, ஓரங்களில் வண்ணத்துப்பூச்சி ஒட்டிய ஊதாநிறப் பெண்கள் சட்டம். அதை அணிந்துதான் இப்போது எழுதுகிறேன். மிகத் தெளிவாகத் தெரிகிறது.

உங்கள் அத்தை தலைவரின் தடித்த கறுப்புச் சட்டத்தோடு தலைப்பீடத்தில் அமர்ந்து முதல் அதிகாரத்தை வாசித்தாள். ஓரடியும் விழுங்கவில்லை. அவளுக்குரிய நேரம் முடிந்ததைத் தலைவர் கடிகாரத்தில் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் மணியின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். அதிகாரம் முடியும் வரை எடுக்கவில்லை.

ஆகவே, நீங்கள் வர வேண்டியதில்லை. மேக்ரோவைப் பற்றிக் கூறியவற்றைத் திரும்பப் பெறுகிறேன். அது நான் எழுதியதை எழுதியபடியே வைத்தது. தலைவரைப் பற்றிக் கூறியவற்றையும் திரும்பப் பெறுகிறேன். அவரே கையோடு கொண்டுபோய்விட்டதால் தாளைத் திரும்பப் பெற இயலவில்லை. காப்புச் செய்யுளை மட்டும் நீக்க மாட்டேன். தலைவருடைய கண்ணை இத்தனை நாள் பத்திரமாகக் காத்துக் கொடுத்தது அதுதானே. முதல் வரியைக் கண்டால் வணங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போகுமாறு உங்கள் மேக்ரோவுக்குச் சொல்லி வையுங்கள்.

எச்சரிக்கையாக, இந்தப் பின்குறிப்பை வேறொரு கோப்புறை திறந்து அதில் சேமித்தேன். அது எங்கே போயிற்றென்று தெரியவில்லை. இது இரண்டாம் முறை எழுதுவது. முதலில் எழுதியது இதைவிட நன்றாக இருந்தது.